பழைய கணனியும் புதிய வரைவியல் அட்டையும்: பார்க்கவேண்டிய ஐந்து பொருத்தங்கள்

ஒரே நுகத்தில் ஒரு பக்கம் இளங்காளையையும் மறுபக்கம் முதிர்ந்த எருதையும் பூட்டினால் வண்டில் எதன் நடையிற் செல்லும்? முதிர்ந்த எருதின் நடையிலேயே செல்லும். காளையின் வலிமையிற் பெரும்பகுதி வீணாகும், எருதோ இளைத்துப்போகும். வண்டிலோட்டி வாழ்ந்த நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். இன்று அதே உண்மை வண்டிலை விட்டுக் கணனிப் பெட்டிக்குள் வந்து குடியேறியிருக்கின்றது.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணனி ஒன்று வீட்டின் மூலையில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றது. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பாடங்களைக் கேட்கவும் அதற்குக் குறையொன்றுமில்லை. ஆனால், புதிதாக வெளிவந்த விளையாட்டொன்றை அதில் ஓடவிட்டாற் படங்கள் விக்கி விக்கி அசைகின்றன. “புதிய கிரபிக்ஸ் காட் ஒன்று வாங்கித் தந்தாற் போதும், அப்பா” என்று மகன் கேட்கின்றான். தந்தையோ அஃது என்ன பொருள், வாங்கினாற் பயன் உண்டா என்று அறியாது திகைக்கின்றார். நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இன்று காணப்படும் நிலை இது.

திகைப்புக்குக் காரணமும் உண்டு. இப்பொருள் வெளிநாட்டிலிருந்து வருவது. அதன் விலை டொலரோடு ஏறியிறங்குவது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு உயர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. சாதாரண குடும்பமொன்றின் ஒரு மாத வருவாயை விழுங்கத்தக்க பொருளை ஆராயாது வாங்குதல் அறிவுடைமையாகாது. திருமணத்துக்குப் பொருத்தம் பார்க்கும் நாம் இதற்கும் பொருத்தம் பார்த்தல் தகும். பத்துப் பொருத்தம் வேண்டியதில்லை, ஐந்து போதும். அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவாம்.

அட்டை செய்யும் தொழில் யாது?

முதற்கண், ‘கிரபிக்ஸ் காட்’ என இளைஞர் வழங்கும் வரைவியல் அட்டை யாது செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். கணனித் திரையில் நாம் காணும் படம் எண்ணிறந்த சிறு புள்ளிகளால் ஆனது. இன்று பெருவழக்கிலுள்ள திரையில் அகலப்பாட்டில் 1920 புள்ளிகளும் உயரப்பாட்டில் 1080 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. அசைவு கண்ணுக்கு வழுவழுப்பாகத் தோன்றவேண்டின் செக்கனுக்கு 60 படங்களாவது வரையப்படல் நன்று. அப்படியாயின் ஒவ்வொரு செக்கனிலும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறமும் ஒளியும் நிழலும் கணக்கிடப்படவேண்டும். இப்பெரும் வேலையைச் செய்வதற்கென்றே ஆயிரக்கணக்கான சிறு கணிப்பு அலகுகளைக் கொண்டு அமைக்கப்பட்டது வரைவியல் அட்டை.

பழைய கணனியோடு புதிய அட்டையைச் சேர்க்கும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1996ஆம் ஆண்டில் திறீடிஎப்எக்ஸ் என்னும் நிறுவனத்தின் ‘வூடூ’ அட்டை வெளிவந்தபோது, அது தனித்து இயங்கமாட்டாது. முன்னரே கணனியிலிருந்த அட்டையோடு ஒரு வடத்தால் இணைக்கப்பட்டே இயங்கிற்று. 1999இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ‘ஜீபோர்ஸ் 256’ முதலாக இவ்வட்டைகள் செயலியின் சுமையில் மேலும் ஒரு பகுதியைத் தாமே ஏற்கத் தொடங்கின.

முதலாவது: வேகப் பொருத்தம்

ஐந்தினுள்ளும் தலையாயது இதுவே. விளையாட்டொன்றில் யார் எங்கே நிற்கின்றார், பந்து எத்திசையிற் செல்கின்றது, அடுத்து எப்பொருளை வரையவேண்டும் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது கணனியின் செயலி. தீர்மானித்தவற்றைத் திரைக்குரிய படமாகத் தீட்டுவதே அட்டையின் வேலை. வகுப்பிலே ஆசிரியர் வாக்கியங்களைச் சொல்ல மாணவன் எழுதும் சொல்வதெழுதலை இதற்கு ஒப்பிடலாம். மாணவன் எவ்வளவு விரைவாக எழுதுபவனாயினும், ஆசிரியர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லும்வரை பேனையை உயர்த்திக் காத்திருக்கவே வேண்டும்.

இதனைக் கணக்கிற் காட்டுவாம். ஒரு படத்துக்கு வேண்டிய தீர்மானங்களைச் செய்யச் செயலிக்கு 20 மில்லிசெக்கன் செல்கின்றது எனவும், அப்படத்தைத் தீட்டப் பழைய அட்டைக்கு 40 மில்லிசெக்கன் செல்கின்றது எனவும் கொள்க. ஒரு படத்தை அட்டை தீட்டும்பொழுதே செயலி அடுத்த படத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கும். ஆதலின், இரண்டினுள் எது மெதுவானதோ அதுவே வேகத்தை நிர்ணயிக்கும். 1000ஐ 40ஆற் பிரித்தால் 25. அதாவது செக்கனுக்கு 25 படங்கள்.

இப்பொழுது நான்கு மடங்கு வேகமுள்ள புதிய அட்டையைப் பூட்டுகின்றோம். அதற்கு 10 மில்லிசெக்கனே போதும். ஆயின் செக்கனுக்கு 100 படங்கள் வருமா? வாரா. செயலிக்கு இன்னும் 20 மில்லிசெக்கன் வேண்டியிருத்தலின் 50 படங்களே வரும். இதுவும் நல்ல முன்னேற்றமே. ஆனால், ஆசை மிகுதியால் எட்டு மடங்கு வேகமுள்ள அட்டையை வாங்கியிருந்தாலும் அதே 50 படங்கள்தாம். மேலதிகமாகக் கொடுத்த பணத்துக்கு ஒரு படமேனும் கூடவில்லை என்க.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. திரையின் புள்ளிகளைக் கூட்டினால் அட்டையின் வேலை கூடும். செயலியின் வேலை பெரிதும் கூடாது. 3840க்கு 2160 அளவுடைய திரையிற் சாதாரண திரையின் சரியாக நான்கு மடங்கு புள்ளிகள் உள்ளன. அத்தகைய பெருந்திரை வைத்திருப்போருக்குப் பெரிய அட்டை முழுதும் வீண்போகாது.

செலவின்றிச் சோதிக்கும் வழி

நம் கணனியில் வேகத்தைத் தடுப்பது செயலியா, அட்டையா என்பதைக் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே அறியலாம். விளையாட்டின் அமைப்புகளுக்குட் சென்று, படங்களின் எண்ணிக்கைக்கு இடப்பட்ட எல்லை ஏதேனும் இருந்தால் அதனை நீக்கிவிடுக. செக்கனுக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்பதைக் குறித்துக்கொள்க. பின்பு திரைத்தெளிவை 1920க்கு 1080இலிருந்து 1280க்கு 720ஆகக் குறைத்து, விளையாட்டின் அதே இடத்தில் மறுபடியும் பார்க்க. படங்களின் தொகை நன்கு உயர்ந்தால் இதுகாறும் தடையாயிருந்தது அட்டையே. புதிய அட்டை பயன் தரும். தொகை சிறிதும் உயராவிடின் தடையாயிருப்பது செயலி அல்லது நினைவகம். புதிய அட்டைக்குப் பணம் செலவிடுதல் பயனற்றது.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று சாவிகளையும் ஒருங்கே அழுத்தினாற் தோன்றும் டாஸ்க் மனேஜரிலும் இதற்குச் சான்று காணலாம். அட்டையின் பயன்பாடு நூற்றுக்கு 95க்கு மேல் நின்றால் அட்டை களைத்திருக்கின்றது எனலாம். நூற்றுக்கு 50, 60 என நின்றால் அது வேலைக்காகக் காத்திருக்கின்றது. ஆனால், செயலியின் மொத்தப் பயன்பாடு குறைவாகத் தோன்றுவதைக் கண்டு ஏமாறலாகாது. நான்கு அல்லது ஆறு கருக்களுள் ஒன்று மட்டும் முழு மூச்சாக உழைத்து, ஏனையவை சும்மா இருக்கும்போதும் சராசரி குறைவாகவே காட்டும்.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் இச்சோதனையைச் செய்தான். தச்சுத்தொழில் புரியும் அவன் தந்தையார் அட்டைக்கெனச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். தெளிவைக் குறைத்தும் படங்களின் தொகை கூடவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தபோது, இரண்டு நினைவகத் தண்டுகள் இருக்கவேண்டிய இடத்தில் 8 கிகாபைற்றுத் தண்டு ஒன்றே இருந்தது. அதே வகைத் தண்டு இன்னொன்றைச் சேர்த்தான். இரு வழியாலும் தரவு பாயத் தொடங்கவே விக்கல் பெரும்பாலும் நின்றது. அட்டையின் விலையிற் சிறு பகுதியோடு காரியம் முடிந்தது. எஞ்சிய பணம் அவனுடைய வகுப்புக் கட்டணத்துக்கு உதவிற்று.

இரண்டாவது: வலுப் பொருத்தம்

வேகப் பொருத்தம் தவறினாற் பணம் வீணாகும். வலுப் பொருத்தம் தவறினாற் கணனியே பழுதாகலாம். வீட்டுக்கு வரும் 230 வோல்ற்று மின்னைக் கணனிக்கேற்ற 12 வோல்ற்றாகவும் பிறவாகவும் மாற்றுவது வலு வழங்கி. அட்டை பொருந்தும் துவாரம் தரக்கூடிய வலு 75 வாற்று மட்டுமே. அதற்கு மேல் வேண்டிய அட்டைக்கு வலு வழங்கியிலிருந்து தனி வடம் வரவேண்டும். ஆறு முனை வடம் 75 வாற்றும், எட்டு முனை வடம் 150 வாற்றும் தருவதற்கென வகுக்கப்பட்டவை.

வலு வழங்கியின் பக்கத்தில் ஒட்டப்பட்ட தாளிற் பெரிய எழுத்திற் காணும் தொகையை மாத்திரம் நம்பலாகாது. 12 வோல்ற்றுக்கு நேரே எத்தனை அம்பியர் எனக் குறித்திருக்கின்றது என்பதையே பார்க்கவேண்டும். 18 அம்பியர் எனின் 12ஐ 18ஆற் பெருக்க வருவது 216 வாற்று. ஏ.எம்.டி.யின் ‘ஆர்.எக்ஸ். 6600’ அட்டைக்கு 132 வாற்று. 2013ஆம் ஆண்டின் ‘கோர் ஐ5-4570’ செயலிக்கு 84 வாற்று. இவ்விரண்டுமே 216 வாற்றை விழுங்கிவிடும். விசிறி, வன்தட்டு முதலியவற்றுக்கு ஒன்றும் எஞ்சாது. அன்றியும், அட்டை கண நேரத்துக்குத் தன் அளவுக்கு மீறியும் மின்னை இழுப்பதுண்டு. ஆதலால், தேவையான தொகைக்கு மேல் மூன்றிலொரு பங்காவது மிச்சம் இருத்தல் நலம்.

வடம் இல்லையெனின் வன்தட்டுக்குரிய ‘சாற்றா’ வடத்தை எட்டு முனையாக மாற்றும் சிறு இணைப்பிகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றை நாடுதல் ஆபத்து. சாற்றா இணைப்பின் 12 வோல்ற்று முனைகள் தாங்கக்கூடியது 54 வாற்று. எட்டு முனையிலிருந்து அட்டை எதிர்பார்ப்பதோ 150 வாற்று வரை. இடையில் நிற்கும் இணைப்பி உருகித் தீப்பிடிக்கவும் கூடும். பெயரறியா மலிவு வலு வழங்கிகளும் இவ்வாறே தவிர்க்கற்பாலன. மின்வெட்டுக்கென யூ.பி.எஸ். வைத்திருப்போர், 650 வி.ஏ. என எழுதப்பட்டது 650 வாற்றுத் தராது என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவது: இடப் பொருத்தம்

இதைப்பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அட்டையின் நீளம், உயரம், தடிப்பு ஆகிய மூன்றையும் கடைக்காரரிடம் கேட்டறிந்து, பெட்டியைத் திறந்து அடிமட்டத்தால் அளந்து பார்த்தல் போதும். ஒடுங்கிய அலுவலகப் பெட்டிகளுக்குக் குள்ள அட்டையே பொருந்தும். மேலும், 100 வாற்றுக்கு மேல் உண்ணும் அட்டை அவ்வளவையும் வெப்பமாகவே பெட்டிக்குள் விடும். நமது வெப்ப நாட்டிற் பழைய பெட்டியின் தூசியைத் துடைத்து, காற்று உட்புகவும் வெளியேறவும் வழிசெய்யாவிடின், வெப்பத்துக்கு அஞ்சி அட்டை தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

திரையையும் மறத்தலாகாது. பழைய திரைகள் பலவற்றில் உள்ள நீலநிற வீ.ஜி.ஏ. இணைப்பு இன்றைய அட்டைகளில் இல்லை. அதற்கு மாற்றி ஒன்று வேண்டும். திரை வடத்தைத் தாய்ப்பலகையிற் செருகாது புதிய அட்டையிலேயே செருகவேண்டும். இதனைச் செய்யாது “அட்டை வேலை செய்யவில்லை” எனக் கடைக்கு மீள்வோர் சிலர்.

நான்காவது: பாதைப் பொருத்தம்

அட்டைக்கும் தாய்ப்பலகைக்கும் இடையே தரவு செல்லும் பாதைக்குப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்பது பெயர். அப்பாதை ஒழுங்கைகளாக வகுக்கப்பட்டுள்ளது. இரண்டாந் தலைமுறையில் ஓர் ஒழுங்கை செக்கனுக்கு 500 மெகாபைற்றும், மூன்றாந் தலைமுறையில் ஏறத்தாழ 1 கிகாபைற்றும், நான்காந் தலைமுறையில் ஏறத்தாழ 2 கிகாபைற்றும் கடத்தும். புதிய தலைமுறை அட்டை பழைய துவாரத்திலும் பொருந்தி இயங்கும் என்பது மகிழ்தற்குரியது. ஆனால், பாதையின் வேகம் பழையதாகவே இருக்கும்.

16 ஒழுங்கைகளையும் பயன்படுத்தும் அட்டைக்கு இதனால் நேரும் இழப்புச் சிறிது. ஒழுங்கைகளைக் குறைத்துச் செய்யப்பட்ட மலிவு அட்டைகளுக்கே பேரிழப்பு. 2022 ஜனவரியில் வெளிவந்த ‘ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி.’ நான்கே ஒழுங்கைகளை உடையது. அதன் சொந்த நினைவகமும் 4 கிகாபைற்று மாத்திரமே. நான்காந் தலைமுறைத் துவாரத்தில் ஓரளவு நன்றாக ஓடிய அவ்வட்டை, மூன்றாந் தலைமுறைத் துவாரத்திற் பல விளையாட்டுகளில் வெளிப்படையாகவே பின்தங்கிற்று. தன் நினைவகம் நிரம்பியபோது கணனியின் நினைவகத்திலிருந்து ஒடுங்கிய ஒழுங்கைகளூடாகத் தரவைக் கொண்டுவர வேண்டியிருந்தமையே காரணம். பழைய கணனிக்கென மலிவு அட்டை தேடுவோரே இதனை மிகுதியும் வாங்குவர். அவர்களுக்கே இஃது ஏற்றதன்று என்பது விந்தையன்றோ? எனவே, பழைய துவாரத்துக்கு அட்டை வாங்குவோர் எட்டு ஒழுங்கைகளுக்குக் குறையாததும், கூடியவரை 8 கிகாபைற்று நினைவகம் உடையதுமான அட்டையை நாடுதல் நன்று.

ஐந்தாவது: மென்பொருட் பொருத்தம்

அட்டை இயங்க அதற்குரிய இயக்கி மென்பொருள் வேண்டும். அம்மென்பொருள் இயங்கத் தக்க இயங்குதளம் வேண்டும். வின்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிவுற்றது. வின்டோஸ் 11ஓ இன்ரெல்லின் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளிற் பெரும்பாலானவற்றை முறைப்படி ஏற்பதில்லை. என்விடியாவின் ‘ஜி.ரி.எக்ஸ். 10’ வரிசை அட்டைகளுக்கும் விளையாட்டுகளுக்குரிய புதுப்பித்தல் 2025 ஒக்டோபருடன் நின்றது. பாதுகாப்புத் திருத்தங்களே தொடர்கின்றன. பழைய அட்டை மலிவாகக் கிடைக்கின்றதே என்று அவ்வரிசையை இப்பொழுது வாங்குவோர் இதனை அறிதல் வேண்டும்.

சில அட்டைகள் பழைய கணனியோடு இணங்க மறுப்பதும் உண்டு. இன்ரெல் நிறுவனத்தின் ‘ஆர்க்’ அட்டைகள், அட்டையின் நினைவகம் முழுவதையும் செயலி ஒருங்கே அணுக இடந்தரும் வசதி தாய்ப்பலகையில் இருந்தாலன்றி முழு வேகம் காட்டா. 2024 டிசம்பரில் 249 டொலர் விலையில் வெளிவந்த ‘ஆர்க் பி580’ புதிய செயலியோடு சேர்ந்தபோது பாராட்டுப் பெற்றது. பழைய செயலிகளோடு சேர்த்துச் சோதித்தபோது எதிர்பார்த்த வேகத்தைத் தரவில்லை. அட்டையில் மாற்றமில்லை, துணையே வேறு.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

மேற்கூறியவற்றை இரு கணனிகளில் வைத்துப் பார்ப்பாம். முதலாவது, வெளிநாட்டு அலுவலகங்களிற் பயன்பட்டுப் பின் இங்கே விற்பனைக்கு வருவனவற்றுள் ஒன்றான ‘டெல் ஒப்ரிபிளெக்ஸ் 9020’. 2013ஆம் ஆண்டின் ஆக்கம். நான்கு கருக்களுடைய ஐ5 செயலி. மூன்றாந் தலைமுறைத் துவாரம். அதன் கோபுரப் பெட்டியில் 290 வாற்று வலு வழங்கி உண்டு. ஆனால் அட்டைக்குரிய எட்டு முனை வடம் இல்லை. வலு வழங்கியின் இணைப்பும் பொதுவழக்கினின்றும் வேறுபட்டது. இதற்குத் தனி வடம் வேண்டாத அட்டையே தகும். 75 வாற்று ‘ஜி.ரி.எக்ஸ். 1650’ அட்டையில் வடம் வேண்டாத வகைகளும், 2024இல் வெளிவந்த 70 வாற்று ‘ஆர்.ரி.எக்ஸ். 3050’ 6 கிகாபைற்று அட்டையும் அத்தகையன. அதற்கு மேலான அட்டை அச்செயலிக்கும் பெரும்பாலும் மிகையே.

இரண்டாவது, 2018ஆம் ஆண்டின் ‘ரைசன் 5 2600’ செயலியும் பி450 தாய்ப்பலகையும் நல்ல 550 வாற்று வலு வழங்கியும் கொண்ட கணனி. இதற்கு 132 வாற்று ‘ஆர்.எக்ஸ். 6600’, 115 வாற்று ‘ஆர்.ரி.எக்ஸ். 4060’ என்பன எவ்வித இடையூறுமின்றிப் பொருந்தும். பின்னொரு நாள் பணம் வாய்க்கும்போது, அதே தாய்ப்பலகையில் 2022இல் வந்த ‘ரைசன் 5 5600’ போன்ற செயலியையும் அமர்த்தலாம். காளைக்கு ஏற்ற இணைக்காளை கிடைத்துவிடும். ஆனால், செயலியை மாற்றுமுன் தாய்ப்பலகையின் பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்தல் வேண்டும். அவ்வேளையில் மின் தடைப்பட்டாற் பலகை செயலிழக்கவும் கூடும். மழை இடியுள்ள நாளில் அவ்வேலையைத் தொடங்காதிருப்பது நலம்.

கைமாறிய அட்டை வாங்குவோருக்கு

பழைய அட்டை வாங்குவதில் இழிவில்லை. எதேரியம் என்னும் எண்முறைப் பணத்தைக் ‘கிண்டி’ எடுப்பதற்கு இரவு பகலாக உழைத்த அட்டைகள், 2022 செப்டெம்பரில் அம்முறை மாற்றப்பட்டபின் பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தன. அவற்றுள் நல்லனவும் உண்டு. விசிறி தேய்ந்தனவும் உண்டு. விற்பவர் முன்னிலையிற் பாரமான விளையாட்டொன்றை அரைமணி நேரமாவது ஓடவிட்டு, திரையிற் புள்ளிகள் சிதறுகின்றனவா, விசிறி முனகுகின்றதா, வெப்பம் எவ்வளவு ஏறுகின்றது என்பவற்றைப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுக்கவேண்டும்.

நிற்க. பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை கேட்பது விளையாட்டுப் பொருள்தானே என்று உடனே மறுத்துவிடாதீர்கள். நிழற்படங்களைத் தொகுக்கவும், முப்பரிமாண உருவங்களை ஆக்கவும், பொறியியல் வரைபடங்களைத் தீட்டவும் இதே அட்டை உதவுகின்றது. அதேவேளை, கேட்டவுடன் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். மேற்கூறிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, அளந்தும் சோதித்தும் விடை நிரப்பி வரும்படி பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். பெருக்கலும் வகுத்தலும் மின்னியலும் தெரிந்தாலன்றி அத்தாளை நிரப்ப இயலாது.

மாணவர்களே, அத்தாளை நேர்மையாக நிரப்புங்கள். தெளிவைக் குறைத்துச் செய்த சோதனை அட்டை வேண்டாம் என்று காட்டினால் அதனையும் மறைக்காது எழுதுங்கள். அப்பணம் நினைவகத்துக்கோ, நல்ல வலு வழங்கிக்கோ, இன்னுஞ் சில மாதம் பொறுத்துப் புதிய செயலிக்கோ பயன்படட்டும். விடை ‘வாங்கலாம்’ என வந்தால், இருக்கும் கணனிக்கு அளவான அட்டையை வாங்கி, பெட்டியைத் துடைத்துப் பூட்டுங்கள். ஏழெட்டு ஆண்டு உழைத்த கணனி இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் உங்களுக்கு உழைக்கும்.